பந்தியில் பக்கத்து இலை, ஃபோனுக்கு மட்டும் தூரம்

ப்ளூடூத் வழியாகப் பொய்க் கிருமி ஒன்றை ஃபோனிலிருந்து ஃபோனுக்குப் பரவவிட்டு, யாரிடமிருந்து யாருக்குத் தொற்றியது என்று பார்க்கும் செயலிகள் உண்டு. அமெரிக்காவின் பிராட் இன்ஸ்டிட்யூட் பங்கெடுத்து உருவாக்கிய ஆபரேஷன் அவுட்பிரேக் அந்த ரகம். காரைக்குடிப் பக்கம் கல்லூரியிலோ கல்யாண வீட்டிலோ இதை நடத்துகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, சிக்னல் பலத்தை அப்படியே தூரமாக எடுத்துக்கொள்வது.

ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பிலுள்ள நீர் உறிஞ்சிவிடும். பந்தியில் முழங்கை இடிக்க இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் ஃபோன் இடது பையில், மற்றவருடையது வலது பையில். நடுவே இரண்டு உடம்பு. சிக்னல் பலம் 10 முதல் 20 டெசிபல் (பலத்தை அளக்கும் அலகு) வரை இறங்கலாம். செயலி ‘தூரம்’ என்று எழுதிவிடும். வளவுக்கு (வீட்டு நடுமுற்றத்துக்கு) எதிர்ப்பக்கத் தூணடியில் கிடக்கும் ஃபோனோ தடையில்லாமல் ‘பக்கம்’ என்று பதிவாகும். மெல்லிய தடுப்புச் சுவர் உள்ள வகுப்பறையில் மூச்சு போகாது, சிக்னல் போகும். அங்கே வைத்த அளவுகோல் செட்டிநாட்டு வீட்டின் கனத்த சுவருக்குச் சரிவராது.

ஆகவே நடத்தும் இடத்திலேயே அளந்து பாருங்கள்: 1, 2, 4 மீட்டர், கையில், சட்டைப்பையில், பின்பையில், ஒவ்வொன்றும் 5 நிமிடம். சராசரி வேண்டாம், இடைநிலை மதிப்பை (வரிசையாக அடுக்கினால் நடுவில் வரும் எண்ணை) எடுங்கள். ஃபோன் மாடல் மாறினால் மறுபடியும். வானம் பார்த்த வளவும் கதவடைத்த அறையும் செயலிக்கு ஒன்றுதான். காற்றோட்டத்தை நீங்கள்தான் தனியாகக் குறிக்க வேண்டும்.

பேட்டரி சிக்கனம் செயலியைச் சத்தமில்லாமல் தூங்க வைக்கும். இரண்டு ஃபோனையும் பூட்டி அரை மணி நேரம் பக்கத்தில் வைத்துப் பதிவைப் பாருங்கள். ஐஃபோனில் இது கட்டாயம். ஆண்ட்ராய்டு 11 வரை லொகேஷனும் ஆனில் இருக்க வேண்டும். ஃபோன் தன்னைக் காட்டிக்கொள்ள அனுப்பும் ப்ளூடூத் முகவரி சுமார் 15 நிமிடத்துக்கொரு முறை மாறும். அதை வைத்து எண்ணினால் ஒரு மணி நேரத்தில் ஒரே ஆள் நாலு பேராவார். செயலி தன் சொந்த அடையாள எண்ணை அனுப்பட்டும்.

கணக்கிலும் சறுக்கல் உண்டு. 100 பேரில் 60 பேரிடம் செயலி இருந்தால் 60 சதவீதச் சந்திப்பு பதிவாகும் என்று நினைப்பார்கள். இருவரிடமும் இருந்தால்தான் பதிவு. ஆகவே சுமார் 36 சதவீதம்தான். தொற்ற நிமிடத்துக்கு 1 சதவீத வாய்ப்பு என்றால் 120 நிமிடத்துக்கு 120 என்று கூட்டக் கூடாது. தப்பிக்கும் வாய்ப்பான 0.99-ஐ 120 முறை பெருக்கி 1-லிருந்து கழித்தால் சுமார் 70 சதவீதம்.

ஒரே ஒரு முறை நடத்திய முடிவை நம்பவும் வேண்டாம். முதல் ஆள் இலை எடுத்ததும் கிளம்பிவிட்டால் தொற்று அங்கேயே அணைந்துவிடும். பதிவான சந்திப்புகளை வைத்து, தொடக்க ஆளை மாற்றி மாற்றிக் கணினியில் 200 முறையாவது ஓட்டுங்கள்.