ஜப்பான் பள்ளியில் ஓராண்டு: சாப்ஸ்டிக்கைவிடப் பெரிய தவறுகள்

ஜப்பானுக்குப் பரிமாற்ற மாணவராகப் போகும் பிள்ளைக்கு ஊரில் கிடைக்கும் அறிவுரையில் பாதி சாப்ஸ்டிக்கைப் பற்றித்தான் இருக்கும். சோற்றில் குச்சியைச் செங்குத்தாகக் குத்தி வைக்காதே, உன் குச்சியிலிருந்து அடுத்தவர் குச்சிக்கு உணவைக் கைமாற்றாதே. இரண்டுமே அங்கே சாவுச் சடங்கை நினைவூட்டுபவை என்பதால் தவிர்க்க வேண்டியவைதான். ஆனால் வெளிநாட்டுப் பிள்ளை தெரியாமல் செய்துவிட்டால் வீட்டுப் பாட்டி சிரித்துக்கொண்டே திருத்திவிடுவார், அன்றோடு போயிற்று. வருஷத்தையே கெடுக்கும் தவறுகள் பெரும்பாலும் வாயைத் திறக்காததால் வருபவை. எங்கே போகிறேன், எதைச் சாப்பிடமாட்டேன், எது புரியவில்லை, எது பிடிக்கவில்லை என்று உரிய நேரத்தில் சொல்லாமல் விட்டவை.

விருந்தாளியும் இல்லை, ஹாஸ்டலும் இல்லை

ஏ.எஃப்.எஸ்., ரோட்டரி போன்ற மாணவர் பரிமாற்ற அமைப்புகள் வழியாகப் போகும் மாணவரை வீட்டில் வைத்துக்கொள்ளும் குடும்பம் பொதுவாக அதற்குச் சம்பளம் வாங்குவதில்லை. இது பல பெற்றோருக்குத் தெரிவதில்லை. நாம் கட்டிய பணத்தில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். பிள்ளையும் அந்த நினைப்போடு போனால் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் வெளியே வரும். இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. விருந்தாளி தட்டைத் தொடக் கூடாது என்பது நம் வீட்டு மரியாதை. அந்தப் பழக்கத்தில் கைகட்டி உட்கார்ந்திருந்தால், அங்கே அது சோம்பேறித்தனமாகத் தெரியும். அவர்கள் எதிர்பார்ப்பது வீட்டுப் பிள்ளையை. தட்டை எடுத்துப்போய்த் தொட்டியில் வைக்கிற, துணியை மடிக்கிற, அறையைவிட்டு வரும்போது விளக்கை அணைக்கிற பிள்ளையை.

முதல் வார இறுதியிலேயே உட்கார்ந்து கேட்டுவிடுவது நல்லது. யார் எப்போது குளிப்பார்கள், துணியை எந்த நாளில் போடுவது, வீட்டுக்கு எத்தனை மணிக்குள் வர வேண்டும், மதிய உணவுப் பெட்டியை யார் கட்டுவது, குப்பையில் எது எதில் போகும், அம்மா அப்பாவை எப்படிக் கூப்பிடலாம். கேட்டதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஜப்பானியர்கள் பொதுவாக இரண்டாம் முறை நேராகச் சொல்ல மாட்டார்கள், குறிப்பால் உணர்த்துவார்கள். அந்தக் குறிப்பு முதல் மூன்று மாதத்துக்குப் புரியவே புரியாது.

வெளியே கிளம்பும்போது ‘இத்தேகிமாஸ்’, திரும்பியதும் ‘ததாய்மா’. ‘போய்ட்டு வர்றேன்’, ‘வந்துட்டேன்’ என்பதுதான் இவை, ஆனால் அங்கே இதை விட்டுவிடக் கூடாது. பூனை மாதிரி வந்து அறைக்குள் போய்விடும் பிள்ளையைப் பற்றி அந்த வீட்டில் கவலைப்படத் தொடங்கிவிடுவார்கள். ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு ஏழரைக்கு வந்தால், அரை மணி நேரம் எல்லோரும் சாப்பிடாமல் காத்திருப்பார்கள். வந்ததும் யாரும் திட்டமாட்டார்கள் என்பதால் பிரச்சினை இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ரயில் தாமதம் என்று அங்கே எல்லோரும் வைத்திருக்கும் ‘லைன்’ (LINE) செயலியில் ஒரு வரி அனுப்பினால் போதும்.

குளியலறையைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே தொட்டி வெந்நீரில் குடும்பம் முழுவதும் ஒருவர்பின் ஒருவராக இறங்கும். சோப்பும் ஷாம்பூவும் தொட்டிக்கு வெளியே, சின்ன முக்காலியில் உட்கார்ந்து. உடம்பில் நுரை ஒரு துளி இல்லாமல் அலசிய பிறகே தொட்டிக்குள் கால் வைக்க வேண்டும். அங்கே சோர்வு தீர ஊறுவதுதான் வேலை, அழுக்கு போவது ஏற்கெனவே முடிந்திருக்க வேண்டும். நம் பெண்கள் கவனிக்க வேண்டியது தேங்காய் எண்ணெயை. தலையில் எண்ணெய் வைத்த நாளில் சரியாக ஷாம்பூ போடாமல் தொட்டியில் இறங்கினால் தண்ணீர் மேல் மெல்லிய படலம் மிதக்கும், அடுத்து இறங்கப்போவது வீட்டு அப்பா. முடியைத் தூக்கிக் கட்டிக்கொள்ளுங்கள், முடி மிதந்தால் எடுத்துப் போடுங்கள், வெளியே வந்ததும் தொட்டியை மூடுங்கள். அடைப்பானை மட்டும் பிடுங்காதீர்கள். பின்னால் ஆள் இருப்பார்கள், பல வீடுகளில் மிச்சத் தண்ணீர் துணி துவைக்கவும் போகும்.

ஊருக்குப் பேசும் நேரம் இன்னொன்று. ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். சென்னையில் சாப்பாடு முடித்து அம்மா ஒன்பது மணிக்கு வீடியோ கால் போட்டால் அங்கே நள்ளிரவு பன்னிரண்டரை. சுவர்கள் மெல்லியவை, மறுநாள் காலை பிள்ளை கிளம்பும் முன்பே உணவுப் பெட்டி கட்ட எழுந்திருக்க வேண்டியவர் பக்கத்து அறையில் படுத்திருப்பார். வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிறு பகலில் என்று வைத்துக்கொண்டால் இருபக்கமும் நிம்மதி. பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: தினம் பேசினால் பிள்ளை உடம்பால் ஜப்பானிலும் மனத்தால் நம் வீட்டு ஹாலிலும் இருக்கும்.

‘வெஜிடேரியன்’ என்று சொன்னால் போதாது

சைவப் பிள்ளைகள் செய்யும் பெரிய தவறு விண்ணப்பத்திலேயே தொடங்குகிறது. குடும்பம் கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் ‘எதையும் சாப்பிடுவேன்’ என்று எழுதிவிட்டு, போய் இறங்கியதும் முகத்தைச் சுளிப்பது. உண்மையை எழுதுங்கள், வீட்டில் எந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்பதையும் கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள்.

‘இறைச்சி சாப்பிடமாட்டேன்’ என்றால் மீன் வரும். மீனும் வேண்டாம் என்றால் மிசோ என்ற புளித்த சோயா விழுதில் செய்த சூப் வரும். அதன் அடிப்படையான தாஷி என்ற சாறு பெரும்பாலும் காட்சுவோபுஷி எனப்படும் உலர்ந்த மீன் சீவலில் எடுத்தது. கண்ணுக்குத் தெரியும் துண்டு எதுவும் இருக்காது, அதனால் சமைத்தவருக்கே அதில் மீன் இருப்பதாகத் தோன்றாது. ஜப்பானியக் குழம்புக்காகக் கடையில் விற்கும் ‘கறி ரூ’ என்ற மசாலாக் கட்டிகளில் மாட்டுக் கொழுப்போ பன்றிக் கொழுப்போ சேர்வது சகஜம், காய்கறி மட்டும் போட்டுச் செய்தாலும் அது சைவமாகாது. நாட்டோ என்ற புளித்த சோயாவோடு வரும் சின்ன சாஸ் பொட்டலத்தில்கூட மீன் சாறு இருக்கலாம். பொட்டலத்தில் ஒவ்வாமைப் பொருள்கள் எழுதியிருக்கிறதே என்று நம்பிவிடவும் முடியாது. முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு, நிலக்கடலை போன்றவற்றைத்தான் கட்டாயம் குறிப்பிட வேண்டும், மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை.

ஆகவே பெயரைச் சொல்லாமல் பட்டியலைக் கொடுங்கள்: மாடு, பன்றி, கோழி, மீன், மீன் சாறு, முட்டை என்று எது எது ஆகாதோ அதை ஜப்பானிய எழுத்தில் எழுதிய ஒரு சீட்டு. அதோடு சாப்பிடக்கூடியவற்றின் பட்டியலும் கொடுத்தால் சமைப்பவருக்குப் பாதி பாரம் குறையும்: டோஃபு, எடமாமே என்ற பச்சை சோயாக்காய், ‘கொம்பு’ என்ற கடற்பாசியிலும் ஷியிடாக்கே காளானிலும் எடுத்த தாஷி, வறுத்த காய்கள். வாரத்தில் ஒரு நாள் நீங்களே பருப்புச் சாதம் செய்து போடுங்கள். உங்கள் சாப்பாடு என்ன என்பது பத்து விளக்கத்தைவிட ஒரு சட்டியில் சீக்கிரம் புரிந்துவிடும்.

வகுப்பறையில்

பள்ளி ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும். வாசலில் காலணிப் பெட்டி, உள்ளே உவாபாகி என்ற தனிச் செருப்பு. இதை ஒரே நாளில் பழகிவிடலாம். காது, மூக்கில் எதுவும் போடக் கூடாது, முடிக்குச் சாயம் கூடாது என்பது பல பள்ளிகளில் கறாரான விதி. மூக்குத்தி போட்ட பிள்ளை முன்கூட்டியே பள்ளியிடம் கேட்டுவிட வேண்டும், புதிதாகக் குத்திக்கொண்டு போவது வேண்டாத வேலை.

வகுப்பு முடிந்ததும் சுத்தம் செய்யும் நேரம். மேசைகள் மேல் நாற்காலிகளைக் கவிழ்த்து ஒரு பக்கம் தள்ளி, பெருக்கி, துடைத்து, மறுபடி இழுத்து வைப்பார்கள். கழிவறையும் முறை வைத்து வரும். துடைப்பம் பிடித்தே பழகாத நம் பையன்கள் சிலர் அந்த நேரத்தில் ஜன்னலோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், ஆனால் வகுப்பு முழுவதும் கவனித்திருக்கும். உண்மையில் புதியவருக்கு இதைப்போல நல்ல வாய்ப்பு கிடையாது. பாடத்தில் வாய் திறக்க முடியாதவர்கூட ஈரத்துணியைப் பிழிந்துகொண்டே பேச்சுக் கொடுக்கலாம்.

பாடம் புரியாது. அதை ஒப்புக்கொண்டே போக வேண்டும். பழைய ஜப்பானிய இலக்கியம் நடக்கும் வகுப்பில் அந்த ஊர்ப் பிள்ளைகளே திணறுவார்கள். அதற்காகத் தூங்குவதோ, மேசைக்கடியில் போன் பார்ப்பதோ கூடாது. அந்த நேரத்தில் கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகளை எழுதிப் பழகலாமா என்று ஆசிரியரிடம் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார். ஹிராகானா, கத்தகானா என்ற இரண்டு எழுத்து வரிசைகளையும் விமானம் ஏறும் முன்பே முடித்துவிடுங்கள். வகைக்கு 46 அடிப்படை எழுத்துகள், 247-ஐப் படித்தவர்களுக்கு இது மலையல்ல. வினைச்சொல் கடைசியில் வருவதும் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் நமக்குப் பழக்கமானவை, ஆங்கிலத்தில் யோசித்து மொழிபெயர்ப்பதைவிடத் தமிழில் யோசிப்பது சுலபம். (இந்த ஒற்றுமையை வைத்து ஜப்பானிய மொழியறிஞர் சுசுமு ஓனோ தமிழே ஜப்பானிய மொழியின் உறவு என்று வாதிட்டார். மொழியியலாளர்கள் பெரும்பாலும் ஏற்கவில்லை. ஆனால் பேச்சைத் தொடங்க நல்ல விஷயம்.)

ஆங்கிலம் பேசிப் பழக ஆசைப்படும் நண்பர்கள் முதல் வாரத்திலேயே சூழ்ந்துகொள்வார்கள். அது சுகமான பொறி. ஆங்கிலத்திலேயே அமைந்த நட்பை ஆறாம் மாதத்தில் ஜப்பானியத்துக்கு மாற்றுவது கடினம்.

புகாத்சு எனப்படும் மன்றங்கள்தான் பள்ளி வாழ்க்கையின் நடுநாயகம். கெண்டோ என்ற மூங்கில் வாள் சண்டைக் கலையின் உடை பார்க்க அழகாக இருக்கிறதென்று சேர்ந்துவிட்டு, வாரத்தில் ஐந்தாறு நாள் பயிற்சி என்று தெரிந்ததும் நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. சேரும் முன் நாள், நேரம், உபகரணச் செலவு மூன்றையும் கேளுங்கள். தேநீர்ச் சடங்கு, எழுத்துக்கலை மன்றங்கள் பல பள்ளிகளில் வாரத்துக்கு ஓரிரு நாள்தான். ஒரு நாள் வர முடியாவிட்டால் முந்தைய நாளே சென்பாயிடம், அதாவது மூத்த மாணவரிடம், சொல்ல வேண்டும். கடைசி ஆண்டான மூன்றாமாண்டு மாணவர்கள் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்காகப் பொதுவாகக் கோடையோடு மன்றத்தைவிட்டு விலகிவிடுவார்கள். அதனால் முதல் மாதங்களில் சேர்ந்தால்தான் அவர்கள் பழக்கம் கிடைக்கும்.

காகிதமும் சட்டமும்

இவற்றில் மன்னிப்பு குறைவு. முகவரி அமைந்த 14 நாளுக்குள் நகராட்சி அலுவலகத்தில் பதிய வேண்டும். 16 வயதானவர் வசிப்பு அட்டையை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். ஊரிலிருந்து கொண்டுபோகும் சளி மாத்திரைகளைப் பிரித்துப் பாருங்கள்: சூடோஎஃபெட்ரின், கோடீன் கலந்தவற்றுக்குக் கடும் கட்டுப்பாடு உண்டு. கவனக்குறைபாட்டுக்கான ஆம்ஃபெடமின் மருந்துகளுக்கு மருத்துவர் சீட்டு இருந்தாலும் அனுமதியில்லை. மருத்துவர் எழுதிய மற்ற மருந்துகளும் ஒரு மாத அளவைத் தாண்டினால் முன் அனுமதி தேவை. வயதுவந்தோர் வரம்பு 2022 ஏப்ரலில் 18 ஆனாலும் மதுவுக்கும் புகைக்கும் 20 தான். சைக்கிளில் இருவர் போவது, குடை பிடித்து ஓட்டுவது, போன் பார்ப்பது எல்லாம் குற்றம், 2026 ஏப்ரல் முதல் 16 வயதானவர்களுக்கே அபராதச் சீட்டு உண்டு. நிலநடுக்க எச்சரிக்கை போனில் அலறினால் வெளியே ஓடாதீர்கள், மேசைக்கடியில் தலையைக் காப்பாற்றுங்கள். ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119, போலீசுக்கு 110.

ஊர்ப் பள்ளி இந்த ஓராண்டைக் கணக்கில் எடுக்குமா, திரும்பி வந்தால் எந்த வகுப்பு என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். வாய்வார்த்தை நம்பிப் போனால், திரும்பும்போது தலைமையாசிரியர் மாறியிருப்பார்.

பொருந்தாத வீடு

சில வீடுகள் பொருந்தாது. யார்மேலும் தப்பு இருக்காது, அல்லது நிஜமாகவே தப்பு இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு பத்து மாதம் ஓட்டுவதும், ஊருக்குப் போன் போட்டு அழுது அப்பாவை நேராக அந்த வீட்டுக்கே பேச வைப்பதும் நிலைமையை மோசமாக்கும். ஒவ்வொரு மாணவருக்கும் அமைப்பு ஓர் ஒருங்கிணைப்பாளரைப் போட்டிருக்கும், அவரிடம் முதலில் சொல்லுங்கள். என்ன நடந்தது, எந்த நாள், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நடந்ததைச் சொல்லுங்கள், ‘அவங்களுக்கு என்னைப் பிடிக்கல’ என்று முடிவைச் சொல்லாதீர்கள். வீடு மாறுவது அவமானமல்ல. ரோட்டரியில் ஓராண்டுக்குள் சில குடும்பங்களில் மாறி மாறித் தங்குவதே வழக்கம். யாராவது தொட்டாலோ, பயமுறுத்தினாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

மாறிப்போன பிறகும் பழைய வீட்டுக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதுங்கள், கையெழுத்தில், நாலு வரி போதும். பிழை இருந்தாலும் ஜப்பானியத்திலேயே.