இளம் காற்பந்து ஆட்டக்காரர்களுக்கு மனப்பயிற்சி: பந்தைத் தவறவிட்ட பிறகு என்ன செய்வது?

மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுனில் நான் பயிற்சியளிக்கும் பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணியில், இடப்புறத் தற்காப்பில் ஆடும் சிறுவன் ஒருவன் பந்தை எதிரணிக்காரனின் காலுக்கே கொடுத்துவிட்டான். கொடுத்தவன் இரு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டு, கோட்டுக்கு வெளியே நின்ற அப்பாவைப் பார்த்தான். அந்தப் பார்வை திரும்புவதற்குள் பந்து அவன் காக்க வேண்டிய இடத்தின் வழியாகவே போய் கோலாகிவிட்டது. தவறு செய்த கையோடு ஓடியிருந்தால் தடுத்திருக்கலாம். நின்ற மூன்று விநாடிகள்தாம் கோலாயின.

இந்த மூன்று விநாடிகளைப் பழக்குவதிலிருந்தே மனப்பயிற்சியைத் தொடங்குங்கள். ஆட்டத்துக்கு முன் வட்டமாக நிற்க வைத்து, தன்னம்பிக்கையைப் பற்றி ஐந்து நிமிடம் பேசுவதால் பெரிய பயன் எதையும் நான் கண்டதில்லை. பந்தைக் கட்டுப்படுத்துவதைப் போல இதையும் திடலில், மூச்சு வாங்கும்போது, திரும்பத் திரும்பச் செய்தால்தான் உடம்பில் ஏறும்.

முதலில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிறு செய்கையையும் ஒரு சொல்லையும் தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். தொடையில் ஒரு தட்டு, நீளமாக ஒரு வெளிமூச்சு, பிறகு அந்தச் சொல், உடனே தன் இடத்துக்கு ஓட்டம். சொல்லை நீங்கள் கொடுக்கக் கூடாது. எங்கள் பிள்ளைகளில் ஒருவன் 'அடுத்தது' என்பான், இன்னொருவன் மலாயில் 'தாக் அபா' (பரவாயில்லை) என்பான். திடலில் எந்த மொழி தானாக வாயில் வருகிறதோ அதுவே சரியான மொழி. 'இனிமேல் இழக்காதே' போன்ற மறுப்புச் சொற்களை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள், ஏனெனில் பிள்ளையின் மனம் அப்போது இழப்பதையே நினைத்துக்கொண்டிருக்கும். பயிற்றுநரும் 'பந்தை விடாதே' என்று கத்துவதைவிட 'தோளுக்குப் பின்னால் பார்' என்று செய்ய வேண்டியதைச் சொல்வது மேல்.

பிறகு நால்வருக்கு நால்வர் என்று பத்து நிமிட ஆட்டம் வையுங்கள். கோலுக்கு ஒரு புள்ளி. பந்தை இழந்தவன் தன் செய்கையை முடித்து ஐந்து விநாடிக்குள் இடம் சேர்ந்தால் அவன் அணிக்கும் ஒரு புள்ளி. தவறை எண்ணவே வேண்டாம். பிள்ளைகளுக்கு இது பழகியதும், வேண்டுமென்றே இரண்டொரு தவறான விசில் ஊதிப் பாருங்கள். முகம் சுளிப்பார்கள், உங்கள்மேல் கோபப்படுவார்கள். நடுவரோடு வாதாடாமல் ஆட்டத்துக்குத் திரும்பும் பழக்கம் அங்கேதான் வரும்.

பெனால்டிக்குத் தனிப் பயிற்சி வேண்டும். உதைப்பதைவிட, நடுக்கோட்டிலிருந்து பந்து வைக்கும் புள்ளிவரை எல்லாரும் பார்க்கத் தனியாக நடப்பதே கடினம். ஆகையால் பயிற்சியின் முடிவில், கால்கள் சோர்ந்திருக்கும்போது, அணியை நடுக்கோட்டில் வரிசையாக நிறுத்தி ஒவ்வொருவராக நடக்க விடுங்கள். பந்தைத் தன் கையாலேயே வைத்து, பின்னால் நகர்ந்து, எந்த மூலை என்று முடிவு செய்து, ஒருமுறை மூச்சை வெளியே விட வேண்டும். விசில் ஊதியவுடன் பாயாமல், ஒரு மூச்சுக்கு நின்று பிறகு ஓட வேண்டும். பெரிய அனைத்துலகப் போட்டிகளின் பெனால்டிகளை ஆராய்ந்த நார்வே நாட்டு உளவியலாளர் கெய்ர் யோர்டெட், விசிலுக்குப் பின் அவசரமாக உதைத்தவர்கள் கோலடிப்பது குறைவாக இருந்ததைக் காட்டியிருக்கிறார். பதற்றத்தில் இருப்பவருக்கு அந்த நிலையை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்று தோன்றும். அதுதான் கால்களைத் துரத்துகிறது.

மனக்காட்சிப் பயிற்சிக்குப் பினாங்கில் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2016 பிப்ரவரியில் பகாங் அணிக்கு எதிராகப் பினாங்கு அணியின் முகமட் ஃபாயிஸ் சுப்ரி அடித்து, ஆண்டின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருதைப் பெற்றுத் தந்த ஃப்ரீ கிக்கை எல்லாப் பிள்ளைகளும் காணொளியில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் அதைப் பார்வையாளராக நினைத்துப் பார்ப்பது போதாது. கண்ணை மூடி, தன் கண்வழியாகவே பந்தையும் சுவராக நிற்கும் எதிரணியினரையும் காண வேண்டும்; பூட்ஸ் பந்தில் படும் இடத்தையும் ஓசையையும் உணர வேண்டும். அரை நிமிடம் போதும், உடனே எழுந்து அதே உதையை உதைக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகள் அதற்குமேல் கண்ணை மூடியிருக்க மாட்டார்கள், பக்கத்திலிருப்பவனைக் கிள்ளத் தொடங்கிவிடுவார்கள்.

இலக்கு வைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 'இரண்டு கோல்' என்பது பிள்ளையின் கையில் முழுமையாக இல்லை, 'பந்து வருமுன் இருபக்கமும் பார்ப்பேன்' என்பது இருக்கிறது. ஆட்டத்துக்கு முந்திய இரவுகளில் தொடர்ந்து தூங்காமல், வயிற்றுவலி என்று சொல்லிப் பயிற்சிக்கு வர மறுக்கும் பிள்ளைக்கு இந்த உத்திகள் எதுவும் மருந்தல்ல. பெற்றோரிடம் பேசி, பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ மருத்துவரிடமோ அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.

கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோருக்கும் ஒரு வேலை கொடுங்கள். அந்த இடப்புறச் சிறுவனின் அப்பாவிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்து, மகன் தொடையைத் தட்டிவிட்டு ஓடும் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடச் சொன்னேன். முதல் ஆட்டத்தில் இரண்டே கோடுகள். நான்காவது ஆட்டத்தில் ஒன்பது. எண்ணிக்கை தவறிவிடுமோ என்ற கவலையில் அவர் கத்துவதையும் மறந்துவிட்டிருந்தார்.