வீட்டின் சதுர அடியை நாமே அளந்து கணக்குப் போடுவது எப்படி?

நீளம் பெருக்கல் அகலம், அவ்வளவுதானே என்றுதான் எல்லாரும் ஆரம்பிக்கிறோம். அப்புறம் ஒரே வீட்டை இரண்டு பேர் அளந்து நூறு சதுர அடி வித்தியாசத்தோடு வந்து நிற்கிறோம். பெரும்பாலும் இரண்டு பேர் பெருக்கலும் சரியாகத்தான் இருக்கும், அளந்ததுதான் வேறு வேறு.

அதனால் டேப்பை எடுப்பதற்கு முன்னால் உள் அளவா, வெளி அளவா என்று முடிவு செய்துகொள்ளுங்கள். வெளிச்சுவரின் வெளிப்பக்கத்தில் அளந்தால் சுவர்களையும் சேர்த்த பரப்பு கிடைக்கும், கட்டிய பரப்பு என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு அறைக்குள்ளும் சுவருக்குச் சுவர் அளந்து கூட்டினால் வருவது நாம் நடமாடும் தரைப் பரப்பு, பேச்சுவழக்கில் கார்பெட் ஏரியா. வெளியே 40க்கு 30 அடி இருக்கிற வீடு 1200 சதுர அடி. அதே வீட்டுக்கு ஒன்பது இஞ்ச் வெளிச்சுவர் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை அடி போய்விடும், 38.5 பெருக்கல் 28.5, அதாவது 1097 சதுர அடி சொச்சம். உள்ளே இருக்கும் தடுப்புச் சுவர்களை இன்னும் கழிக்கவே இல்லை, அதற்குள் நூறு சதுர அடி காணோம். டைல்ஸ் போடவோ தரைக்கு வேறு வேலை செய்யவோ என்றால் உள் அளவு போதும். வாங்குவது, விற்பது என்றால் எந்த அளவைச் சொல்கிறார்கள் என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

அடுத்து ஒரு தாளில் வீட்டைக் கையால் வரைந்துகொள்ளுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை. அளக்க அளக்க அந்தந்தச் சுவரின் மேலேயே எழுதிவிட வேண்டும், மனதில் வைத்துக்கொண்டு கடைசியில் எழுதலாம் என்றால் நாலாவது அறைக்குள் எல்லாம் குழம்பிவிடும்.

துணி டேப் வேண்டாம், இழுத்தால் நீளும். எஃகு டேப்பில் நுனிக் கொக்கி லேசாக ஆடும், பழுது என்று நினைத்துத் தட்டி இறுக்கிவிடாதீர்கள். அந்த ஆட்டம் கொக்கித் தகட்டின் தடிமனுக்காக விட்டது: சுவரில் முட்டும்போது உள்ளே தள்ளிக்கொள்ளும், விளிம்பில் மாட்டி இழுத்தால் வெளியே வரும், இரண்டிலும் அளவு சரியாக இருக்கும். லேசர் கருவி இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், ஆனால் அது பெட்டியின் பின்பக்கத்திலிருந்து அளக்கிறதா முன்பக்கத்திலிருந்தா என்று திரையில் பார்த்துக்கொள்ளுங்கள். பீரோ, கட்டில் மறைக்கிற இடத்தில் தரையோடு மல்லுக்கட்ட வேண்டாம், பொருட்களுக்கு மேலே சுவருக்குச் சுவர் அளந்தால் போச்சு.

இப்போது இஞ்ச். கணக்கு கெட்டுப்போவது அதிகமும் இங்கேதான். 10 அடி 6 இஞ்ச் என்பது 10.6 அடி கிடையாது, 10.5 அடி. இஞ்சை 12ஆல் வகுத்துதான் புள்ளிக்குப் பின்னால் போட வேண்டும்: 3 இஞ்ச் 0.25, 4 இஞ்ச் 0.33, 9 இஞ்ச் 0.75. 40 அடி 10 இஞ்சைப் பார்த்து 40.10 என்று கால்குலேட்டரில் தட்டினால் அது 40.1 அடியாகிவிடும், உண்மையில் 40.83. அகலம் 28 அடி என்றால் இந்த ஒரு தட்டலில் 20 சதுர அடி போய்விட்டது.

எல் வடிவ ஹாலை இரண்டு செவ்வகமாகக் கோடு போட்டுப் பிரித்துக் கூட்டுங்கள், கோடு எந்தப் பக்கம் போட்டாலும் விடை ஒன்றுதான். அரைவட்டமாக வெளியே தள்ளிய பகுதிக்கு ஆரத்தை ஆரத்தால் பெருக்கி, அதை 3.14ஆல் பெருக்கி, பாதியாக்கினால் சரி.

நாலு பக்கமும் நாலு அளவாக இருக்கும் கோணல் அறைதான் கொஞ்சம் படுத்தும். எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரியை எடுத்துப் பெருக்குவதுதான் பலருடைய வழக்கம். அறை சரியான செவ்வகமாக இல்லாதபோது அந்த விடை எப்போதும் உண்மையான பரப்பைவிடக் கூடுதலாகத்தான் வரும், ஒருபோதும் குறையாது, அதனால் அளந்து கொடுப்பவருக்கு அது பிடித்துப்போவதில் ஆச்சரியமில்லை. மூலைக்கு மூலை குறுக்கே அளந்து அறையை இரண்டு முக்கோணமாக்குங்கள். ஒரு முக்கோணத்தின் பக்கங்கள் 13, 14, 15 அடி என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 42, பாதி 21. அந்த 21இலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 8, 7, 6. இவை மூன்றையும் 21ஐயும் பெருக்கினால் 7056, அதன் வர்க்கமூலம் 84. அந்த முக்கோணம் 84 சதுர அடி. இன்னொன்றுக்கும் இதே மாதிரி போட்டுக் கூட்டிவிடுங்கள்.

மாடி இருந்தால் ஒவ்வொரு தளத்துக்கும் தனிக் கணக்கு. ஹால் இரண்டு தளம் உயரமாகத் திறந்திருந்தால் மேல்தளத்தில் அந்த இடத்தைக் கழிக்க வேண்டும், அங்கே தரையே இல்லையே! பால்கனி, கார் நிறுத்துமிடம், மொட்டைமாடி இதையெல்லாம் மொத்தத்தில் கலக்காமல் தனித்தனி வரியில் எழுதுங்கள், சேர்க்கலாமா கூடாதா என்பது ஊருக்கு ஊர் மாறும்.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. அறைகளின் உள் அளவையும் நடுச்சுவர்களின் கனத்தையும் ஒரே நேர்கோட்டில் கூட்டிப் பாருங்கள், வெளிச்சுவர் கனத்தையும் சேர்த்தால் வெளி நீளம் வர வேண்டும். ஓரிரண்டு இஞ்ச் வித்தியாசம் வந்தால் பூச்சு வேலையில் போயிருக்கும், விட்டுவிடலாம். ஒரு அடி வித்தியாசம் வந்தால் ஏதோ ஒரு சுவரை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

வரைபடம் மீட்டரில் இருந்தால் பரப்பை 10.764ஆல் பெருக்குங்கள். 3.28 என்பது நீளத்துக்கு மட்டும்தான், அதை வைத்து மாற்றினால் 1076 சதுர அடி இருக்க வேண்டிய 100 சதுர மீட்டர் வீடு 328ஆகச் சுருங்கிவிடும். கடைசியாகத் தாளில் மொத்தத்துக்குப் பக்கத்திலேயே உள் அளவா வெளி அளவா என்று ஒரு வார்த்தை எழுதிவிடுங்கள்.