திருகோணமலைக்குப் புதிதாக வந்த பெண்களுக்கு: வன்முறை நடந்தால் எந்தக் கதவைத் தட்டுவது

தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து பல வருடங்களுக்குப் பிறகு ஊர் திரும்பியவர்கள், கல்யாணம் முடித்து இந்தியாவிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்தவர்கள், நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் வேலைக்கு வந்தவர்கள் என்று திருகோணமலைக்குப் புதியவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். வாடகைக்கு வீடு பிடிப்பது, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது, அடையாள அட்டை எடுப்பது பற்றிச் சொல்லித்தர எப்படியும் ஒருவர் கிடைப்பார். வீட்டுக்குள் அடி விழுந்தால், ஒருவன் உங்கள் உடம்பின் மேல் அத்துமீறினால் எங்கே போவது என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இன்றைக்குத் தேவையில்லை என்றாலும் இதைப் படித்து வையுங்கள். நாளைக்குப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தேவைப்படலாம்.

கிழக்கில் பல குடும்பங்களில் கல்யாணத்துக்குப் பிறகும் பெண் தாய் வீட்டுக்குப் பக்கத்திலேயே, சீதன வீட்டில் இருப்பாள். மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர்வார். அவள் சத்தம் போட்டால் அம்மாவோ அக்காவோ வேலியைத் தாண்டி வந்துவிடுவார்கள். வெளியிலிருந்து வந்த உங்களுக்கு அந்த அரண் இல்லை. வீடும் கணவருடையது, அயலும் அவருடைய சொந்தக்காரர்கள், பொலிசில் யாரையாவது தெரியும் என்றால் அதுவும் அவருக்குத்தான். அதனால் அரச சேவைகளின் வழி இங்கே பிறந்து வளர்ந்தவளைவிட உங்களுக்குத்தான் கூடத் தெரிந்திருக்க வேண்டும். இது உங்கள் ஒருவருக்கு மட்டும் நடப்பதும் அல்ல. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019இல் நாடு முழுக்க நடத்திய ஆய்வில், துணையுடன் வாழ்ந்த பெண்களில் ஐந்தில் ஒருவர் அந்தத் துணையின் கையாலேயே உடல் அல்லது பாலியல் வன்முறையை அனுபவித்திருக்கிறார் என்று தெரியவந்தது.

முதலில் மனதில் வைக்க வேண்டியது, எல்லா உதவியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்காது. காயத்துக்கு வைத்தியசாலை, முறைப்பாட்டுக்குப் பொலிஸ், அடிப்பவரைத் தடுத்து வைக்கும் பாதுகாப்புக் கட்டளைக்கு நீதவான் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றம், வழக்குப் பேச சட்ட உதவி ஆணைக்குழு, ஆலோசனைக்கும் வாழ்வாதாரத்துக்கும் பிரதேச செயலகம். இவை ஒன்றோடொன்று இணைந்து வேலை செய்ய வேண்டியவை. ஒரு கதவால் உள்ளே போனவளை அடுத்த கதவுக்கு அனுப்பி வைப்பது அந்த உத்தியோகத்தரின் கடமை. சில இடங்களில் இது நன்றாக நடக்கிறது, சில இடங்களில் "அங்க போய்க் கேளுங்கோ" என்று கை காட்டிவிடுகிறார்கள். அப்படிச் சொன்னால் எழும்பிவிடாதீர்கள். "அங்கே யாரைச் சந்திக்க வேண்டும்? அவருக்கு நீங்களே ஒரு கோல் எடுத்துச் சொல்வீர்களா? கையில் ஒரு கடிதம் தருவீர்களா?" என்று கேளுங்கள். நடந்ததை ஒவ்வொரு மேசையிலும் முதலிலிருந்து சொல்லிக்கொண்டே போவதுதான் பெண்களைப் பாதி வழியில் திருப்பி அனுப்புகிறது. அந்தக் கடிதமும் அந்தத் தொலைபேசி அழைப்பும் இருந்தால் அடுத்த மேசையில் பேச்சு குறையும்.

தொலைபேசி இலக்கங்கள்

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் கை பழக்கத்தில் 181ஐயும் 108ஐயும்தான் அழுத்தும். அவை இங்கே உதவாது. பெண்களுக்கான அரச உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, பொலிஸ் அவசரத்துக்கு 119, அம்புலன்ஸுக்கு 1990. மனம் தாங்க முடியாத நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இருக்கிறது. இவற்றை உங்கள் போனில் வேறு பெயர்களில் சேமித்து வையுங்கள். போனைத் தூக்கிப் பார்க்கும் கணவன் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல.

பாலியல் வன்முறை நடந்திருந்தால் முதலில் வைத்தியசாலை

பொலிசுக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வியைப் பிறகு பார்க்கலாம். முதலில் வைத்தியசாலை, அதுவும் உடனே. ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கு. கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் அவசர மாத்திரையை 72 மணித்தியாலத்துக்குள், எவ்வளவு முந்தி எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். மற்றப் பாலியல் நோய்களுக்கான பரிசோதனையும் தடுப்பு மருந்தும் அரச சிகிச்சை நிலையத்தில் இலவசம்.

அவசர மாத்திரையை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தியாவில் வல்லுறவால் கர்ப்பமான பெண் 24 வாரம் வரை கருக்கலைப்புக் கேட்க 2021இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இலங்கையில் அப்படி இல்லை. தாயின் உயிரைக் காப்பாற்றுவதற்கு மட்டுமே இங்கே சட்டம் அனுமதிக்கிறது, வல்லுறவு என்றாலும் விலக்கு இல்லை. இது கொடுமையான சட்டம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இன்றைய நிலை அதுதான், அதனால் முதல் மூன்று நாளைத் தவறவிடாதீர்கள்.

குளிக்காமல், உடை மாற்றாமல், முடிந்தால் வாய் கொப்பளிக்காமல் போவது நல்லது. உடை மாற்றியாயிற்று என்றால் பழைய உடுப்பைக் கழுவாமல் கடதாசிப் பையில் போட்டுக் கொண்டு போங்கள். பொலித்தீன் பைக்குள் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். குளித்துவிட்டேனே என்று சோர்ந்துபோய் வீட்டில் இருந்துவிடாதீர்கள், அப்போதும் போகலாம், போக வேண்டும்.

சிகிச்சை பெறுவதற்குப் பொலிஸ் முறைப்பாடு முன்நிபந்தனை அல்ல. ஆனால் வழக்குக்குச் செல்லுபடியாகும் பரிசோதனையைச் செய்பவர் சட்ட வைத்திய அதிகாரி. அதற்குப் பொலிசார் ஒரு படிவம் தர வேண்டும். பெரிய வைத்தியசாலைகளுக்குள்ளேயே ஒரு பொலிஸ் காவலரண் இருக்கும், படிவத்தை அங்கேயே எடுக்கலாம். பரிசோதனைக்கு உங்கள் சம்மதம் வேண்டும். எதற்காக எங்கே தொடுகிறார்கள் என்று கேட்கலாம், நிறுத்தச் சொல்லலாம், பெண் தாதி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லலாம். வெருகல், ஈச்சிலம்பற்று போன்ற தூரத்து இடங்களிலிருந்து வருபவர்கள் முதலில் மூதூர் வைத்தியசாலைக்குப் போனாலும், தேவைப்பட்டால் திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு மாற்றுவார்கள். அந்தப் பயணத்தில் உடுப்புப் பையைக் கையை விட்டு விடாதீர்கள், உங்களோடு ஒருவர் கட்டாயம் வரட்டும்.

அரசின் பெரிய வைத்தியசாலைகளில் வன்முறைக்கு உள்ளானவர்களுக்கென்றே ஒரு பிரிவை சுகாதார அமைச்சு நடத்துகிறது. தமிழில் நட்பு நிலையம் என்பார்கள். ஊழியர்கள் பலருக்கு மிதுரு பியச என்ற சிங்களப் பெயர்தான் பழக்கம், இரண்டையும் சொல்லிக் கேளுங்கள். பயிற்சி பெற்ற தாதியோ வைத்தியரோ தனியறையில் வைத்துப் பேசுவார், அடுத்த சேவைகளுக்கு அனுப்புவார். அடிபட்ட காயத்தோடு வெளிநோயாளர் பிரிவுக்குப் போய் "வழுக்கி விழுந்திட்டன்" என்று சொல்லிக்கொண்டு நிற்கும் பெண்களை அந்தப் பிரிவிடம் அனுப்பத் தாதிமாருக்குத் தெரியும். கணவன் பக்கத்தில் நிற்கிறார் என்றால் தாதியிடம் "தனிய ஒரு விசயம் கதைக்கணும்" என்று மட்டும் சொன்னாலே போதும்.

பாதிக்கப்பட்டவர் 16 வயதுக்குக் கீழே என்றால், அவள் சம்மதித்தாள் என்ற பேச்சு சட்டத்தில் எடுபடாது. ஆண் பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் நடந்தாலும் அது கடும் பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றமாகும். அவர்களுக்கும் இதே கதவுகள்தான்.

வீட்டு வன்முறைக்கு நீதவானின் கட்டளை

2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம்தான் இங்கே உங்கள் கையில் இருக்கும் கருவி. இந்தியாவிலும் அதே 2005இல் ஒரு சட்டம் வந்தது, ஆனால் அங்கே உள்ள பாதுகாப்பு அலுவலர் என்ற பதவி இங்கே இல்லை. நீங்களாக, அல்லது உங்களுக்காகப் பொலிஸ் அதிகாரி ஒருவர், நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நீங்கள் இருக்கும் இடம், வன்முறை செய்தவர் இருக்கும் இடம், சம்பவம் நடந்த இடம் ஆகியவற்றில் எதற்குரிய நீதிமன்றத்துக்கும் போகலாம். அதாவது கந்தளாயில் அடிபட்டு, மூதூரில் ஒரு சினேகிதி வீட்டில் தங்கியிருக்கும் பெண் திரும்பக் கந்தளாய்க்குப் போய்த்தான் ஆக வேண்டும் என்றில்லை.

நிலைமை அவசரம் என்று கண்டால் நீதவான் இடைக்காலக் கட்டளை ஒன்றைத் தருவார், அது 14 நாள் வரை செல்லும். விசாரணைக்குப் பிறகு வரும் பாதுகாப்புக் கட்டளை 12 மாதம் வரை. அதில் அவரை வீட்டுக்குள் வராதே, வேலைத்தலத்துக்கு வராதே, பின்தொடராதே, தொடர்புகொள்ளாதே என்று தடுக்கலாம். உங்கள் சாமான்களை எடுக்கப் பொலிசாரைக் கூட அனுப்பலாம், அவசரச் செலவுக்குப் பணம் கொடுக்கச் சொல்லலாம். மீறினால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். கணவர் மட்டுமல்ல, மாமனார், மாமியார், மச்சான் போன்ற உறவினருக்கு எதிராகவும் கேட்கலாம். அடி மட்டுமல்ல, மனதை வதைக்கும் தொடர் கொடுமையும் இதற்குள் வரும்.

பெண்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "இதுக்குப் போனா விவாகரத்து ஆகிடுமா?" என்றுதான். ஆகாது. கட்டளை எடுத்துக்கொண்டு அதே வீட்டில் சேர்ந்து இருப்பவர்களும் இருக்கிறார்கள். அடிக்காதே என்பதுதான் கட்டளை. கிண்ணியா, மூதூர் முஸ்லிம் சகோதரிகள் "எங்களுக்குக் காதி நீதிமன்றம் தானே" என்று, முஸ்லிம் திருமண விவகாரங்களைப் பார்க்கும் நீதிமன்றத்தை நினைத்துவிடுகிறார்கள். விவாகரத்தும் தாபரிப்பும் (ஜீவனாம்சம்) காதியிடம் போகலாம், பாதுகாப்புக் கட்டளை எல்லாச் சமூகத்துப் பெண்களுக்கும் நீதவானிடமே.

கசப்பான ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நீதிமன்றக் கட்டளைப்படி பிரிந்து வாழாத வரையில், கணவன் மனைவியைப் பலவந்தப்படுத்துவதை இலங்கைத் தண்டனைச் சட்டம் வல்லுறவாகக் கொள்வதில்லை. ஆனாலும் அதோடு வரும் காயமும் மிரட்டலும் பாதுகாப்புக் கட்டளைக்குப் போதுமான காரணங்கள். வெட்கப்பட்டு அதை விண்ணப்பத்தில் விட்டுவிடாதீர்கள்.

பொலிஸ் நிலையத்தில்

தமிழ்நாட்டைப் போல அனைத்து மகளிர் காவல் நிலையம் என்று தனியாக இங்கே தேடாதீர்கள். பொலிஸ் நிலையத்துக்குள் சிறுவர் மற்றும் பெண்கள் பிரிவு என்ற மேசை இருக்கும். வாசலில் நிற்பவரிடம் கதையைச் சொல்லாமல் அந்த மேசையைக் கேளுங்கள், பெண் அதிகாரியைக் கேளுங்கள். வாக்குமூலத்தைத் தமிழில் கொடுக்கவும், தமிழில் எழுதப்படவும் உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்தில் எழுதிவிட்டு "சைன் பண்ணுங்கோ" என்றால், வாசித்து விளக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி வாங்குங்கள். பின்னால் எல்லா இடத்திலும் அதைத்தான் கேட்பார்கள்.

வீட்டுச் சண்டை என்று சொல்லி இருவரையும் கூப்பிட்டுச் சமாதானம் பேசி அனுப்புவதும், சின்னத் தகராறுகளைப் பேசித் தீர்க்கும் மத்தியஸ்த சபைக்கு அனுப்புவதும் இங்கே நடக்கிறது. காணி எல்லைத் தகராறுக்கு மத்தியஸ்தம் நல்லது. கழுத்தை நெரித்தவனோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து பேசுவதற்கு அது இடமல்ல. "நான் பாதுகாப்புக் கட்டளைக்குப் போகப் போகிறேன்" என்று தெளிவாகச் சொல்லலாம். சட்டத்தரணிக்குப் பணம் இல்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுங்கள். 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் உருவான அரச அமைப்பு அது, வசதி இல்லாதவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசும். பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் செலவுப் பணம் கேட்டுத் தாபரிப்பு வழக்குப் போடவும் அவர்களே உதவுவார்கள்.

முறைப்பாடு செய்ததற்காக மிரட்டினால் அதுவே தனிக் குற்றம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவதும் தண்டனைக்குரியது. பேஸ்புக்கில் "நீதி வேண்டும்" என்று படம் போடும் நல்ல மனதுக்காரர்களும் இதைக் கவனியுங்கள்.

அமைதியாகத் தொடங்க விரும்பினால்

பொலிஸ், நீதிமன்றம் என்று போக இன்னும் மனம் இல்லை என்றால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். திருகோணமலை மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள் உள்ளன, உங்கள் வீடு எதற்குள் வருகிறது என்று கிராம சேவகர் சொல்வார். அங்கே மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் உளவளத்துணை உத்தியோகத்தரையும் கேளுங்கள். செயலகத்துக்கு ஆயிரம் வேலைக்குப் போகலாம் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. கர்ப்பிணியாகவோ கைக்குழந்தையோடோ இருந்தால், வீட்டுக்கே வரும் குடும்ப நல உத்தியோகத்தர், நாம் மிட்வைஃப் என்று சொல்பவர், மிக நல்ல தொடக்கம். மாமியார்கூட அவரைத் தடுக்க மாட்டார்.

துணைக்குப் போகிறவர்களுக்கு: "ஏன் இவ்வளவு நாள் பொறுத்தாய்" என்று கேட்காதீர்கள். அவள் சார்பில் நீங்கள் முடிவெடுக்காதீர்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஓட்டோவுக்கு ஏற்பாடு செய்யுங்கள், வரிசையில் கூட நில்லுங்கள், திகதிகளை எழுதி வையுங்கள். அவள் திரும்பவும் அவரிடமே போனாலும் கோபித்துக் கதவைச் சாத்தாதீர்கள். இரண்டாம் முறை வரும்போது உங்களிடம்தான் வருவாள்.

கடைசியாக ஆவணங்கள். கல்யாணப் பதிவு, உங்கள் பிறப்புச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு, பாங்குப் புத்தகம், காயத்துக்கு வைத்தியசாலையில் தந்த சீட்டுகள் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். முடிந்தால் மூலப் பிரதிகளை வீட்டுக்கு வெளியே வையுங்கள். முகாமில் பிறந்த பிள்ளைகளின் இந்தியச் சான்றிதழும் தூதரகப் பதிவும் தொலைந்தால் திரும்ப எடுப்பது பெரும்பாடு, அவற்றை முதலில் எடுத்து வையுங்கள். அடையாள அட்டை இன்னும் வரவில்லை என்பதற்காகச் சிகிச்சையையோ முறைப்பாட்டையோ தள்ளிப்போடாதீர்கள். கையில் இருக்கும் எந்தத் தாளோடும் போங்கள், தாளே இல்லாவிட்டாலும் போங்கள்.