கிளஸ்டருக்கு முன்னால் தனி பிராக்ஸி: சறுக்கும் இடங்கள்

நாலைந்து சர்வர்கள் சேர்ந்த கிளஸ்டருக்கு முன்னால், கோரிக்கைகளை வாங்கிப் பிரித்தனுப்பும் பிராக்ஸியாக, தனி இயந்திரம் ஒன்றில் என்ஜின்எக்ஸ் அல்லது ஹெச்ஏபிராக்ஸி மென்பொருளை நிறுவுவது பெரிய வேலை இல்லை. தொல்லைகள் பிறகுதான் தலைகாட்டும்.

பலர் மறப்பது ஐபி முகவரியை. பிராக்ஸி வந்ததும், பின்னால் உள்ள சர்வர்களுக்கு எல்லாப் பயனர்களும் ஒரே முகவரியிலிருந்து வருவதாகத் தெரியும். யாரோ ஒருவர் கடவுச்சொல்லைத் திரும்பத் திரும்பத் தவறாக இட்டால், அங்கே ஓடும் ஃபெயில்2பேன் (தவறான முயற்சிகள் பெருகினால் அந்த முகவரியைத் தடுக்கும் கருவி) பிராக்ஸியையே தடைசெய்துவிடும். ஒருவர் செய்த தவறுக்கு ஊரே வெளியே நிற்கும். கோரிக்கையோடு போகும் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்ற ஹெடரில் (தலைப்புக் குறிப்பில்) உண்மையான முகவரியை அனுப்பினால் இது தீரும். ஆனால் அந்த ஹெடரை யார் வேண்டுமானாலும் பொய்யாக எழுதி அனுப்பலாம். பிராக்ஸியிடமிருந்து வந்தால் மட்டும் அதை நம்புங்கள். அதிலும் பிராக்ஸி கடைசியில் சேர்த்த முகவரியை மட்டும். பின்சர்வர்களின் போர்ட்டை (இணைப்புக்கான எண்ணிட்ட வாசலை) இணையத்துக்குத் திறந்தே வைத்திருந்தால், பிராக்ஸியில் போட்ட காவலெல்லாம் வீண்.

அடுத்தது, நெரிசலில் மட்டும் வெளிப்படும் பிழை. ஒவ்வொரு கோரிக்கைக்கும் பின்சர்வருடன் புதிய இணைப்பு திறந்தால், பிராக்ஸியின் பக்கம் இணைப்புக்கு ஒன்றாகச் செலவாகும் போர்ட்டுகள் தீர்ந்துபோகும். லினக்ஸ் வழக்கமாக ஒதுக்குவது 32768 முதல் 60999 வரை, அதாவது 28,232 போர்ட்டுகள். இணைப்பை முதலில் மூடுவது பிராக்ஸி என்றால், அந்த போர்ட் 60 விநாடி காத்திருப்பில் கிடக்கும். கணக்குப் போட்டால், ஒரு பின்சர்வருக்கு விநாடிக்கு ஏறத்தாழ 470 இணைப்புகளைத் தாண்டி நீடிக்க முடியாது. சிபியு சும்மா இருக்கும், மெமரி மிஞ்சியிருக்கும், தளம் மட்டும் திணறும். காரணம் தெரியாமல் இன்னொரு பின்சர்வரை வாங்கிச் சேர்ப்பவர்கள் உண்டு. அது வலியைத் தள்ளிப்போடும், அவ்வளவுதான். பின்பக்க இணைப்புகளுக்குக் கீப்அலைவ் போடுங்கள், அதாவது திறந்த இணைப்பை மூடாமல் மறுபடி பயன்படுத்துங்கள்.

சர்வர் உயிரோடு இருக்கிறதா என்ற சோதனையில் டேட்டாபேஸையும் சேர்ப்பது கெட்டிக்காரத்தனமாகத் தோன்றும். டேட்டாபேஸ் சற்றுத் தாமதித்தால் எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் செத்ததாகக் கணக்காகிவிடும். நிலையான பக்கங்களைக்கூடக் காட்ட ஆள் இருக்காது. இலவச என்ஜின்எக்ஸில் தானாகத் தட்டிப் பார்க்கும் சோதனையே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். பயனரின் கோரிக்கை தோற்ற பிறகுதான் அதற்குத் தெரியும்.

சின்னச் சின்ன இயல்பு மதிப்புகளும் காலை வாரும். என்ஜின்எக்ஸில் பதிவேற்ற வரம்பு 1 எம்பி, பின்சர்வரின் பதிலுக்குக் காத்திருப்பது 60 விநாடி. 413 (அனுப்பியது வரம்பை மீறியது), 504 (பதில் உரிய நேரத்தில் வரவில்லை) என்ற பிழைகள் வந்தால் நிரலைக் குடைவதற்கு முன் இவற்றைப் பாருங்கள்.

கடைசியாக, அந்த பிராக்ஸியே விழுந்தால்? இரண்டாவதை வைத்து, ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்கும்படி, கீப்அலைவ்டி என்ற மென்பொருள் மூலம் ஒரே ஐபியைப் பகிரலாம். இரண்டு பிராக்ஸிகளையும் ஒரே இயந்திரத்தின் மெய்நிகர் கணினிகளாக வைப்பது கண்துடைப்பு. பல கிளவுட் சேவைகளில், கீப்அலைவ்டி வழக்கமாகப் பயன்படுத்தும் மல்டிகாஸ்ட் (ஒரே செய்தியைக் குழுவுக்கே அனுப்புவது) செல்லாது. அங்கே யூனிகாஸ்ட் (ஒரு முகவரிக்கு நேராக அனுப்பும்) முறையில் அமைத்து, முதல் பிராக்ஸியை நீங்களே அணைத்துப் பாருங்கள், வாடிக்கையாளர்கள் இல்லாத நேரத்தில்.