பூ உண்டு, காய் இல்லை: தேனீ விஷயத்தில் நாம் செய்யும் தவறுகள்

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் சமூகத் தோட்டத்தில் பாகற்கொடி பந்தல் முழுக்கப் பூத்தது. காய் மட்டும் பிடிக்கவில்லை. உரம் போதாது என்றார் ஒருவர். மண் சரியில்லை என்றார் இன்னொருவர். தவறு என் கையிலிருந்த தெளிப்பானில். காலை எட்டு மணிக்கு வேப்பெண்ணெய்க் கரைசல் அடித்துக்கொண்டிருந்தேன். பாகல், பூசணி, வெள்ளரிப் பூவுக்குத் தேனீ வருவதே அந்த நேரத்தில்தான். பூசணிப்பூ நண்பகலுக்குள் சுருங்கிவிடும். காலையைக் கெடுத்தால் அன்றைய பூ வீண். இயற்கை மருந்துதானே என்று சமாதானம் சொல்ல முடியாது. ஈரமாக மேலே பட்டால் அதுவும் தேனீக்கு ஆகாது. அடித்தே ஆகவேண்டுமென்றால் பொழுது சாய்ந்தபின், பூவை விட்டுவிட்டு இலையில் மட்டும் அடியுங்கள். (தொடக்கத்தில் ஆண்பூ மட்டும் வந்தால் அது தேனீயின் குற்றமில்லை. பொறுத்திருங்கள்.)

இதைவிடப் பெரிய தவறு, மரக்கிளையிலோ கீழ்த்தளத் தூணிலோ தேனீக்கள் கொத்தாகத் தொங்கினால் உடனே பூச்சிக்கொல்லி டப்பாவைத் தேடுவது. பல சமயம் அது கூடே அல்ல. பழைய ராணி பாதிக் கூட்டத்தோடு புதுவீடு தேடிப் புறப்பட்டு, வழியில் இளைப்பாறுகிறது. காவல் காக்கத் தேனும் இல்லை, குஞ்சும் இல்லை. சீண்டாதவரை பெரும்பாலும் கொட்டாது. சில மணி நேரத்தில், மிஞ்சினால் ஓரிரு நாளில் கிளம்பிவிடும். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்தினால் போதும். அடையே கட்டிவிட்டால் கதை வேறு. நகர மன்றத்துக்குச் சொல்லுங்கள். கொல்லாமல் இடம் மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். அப்படிச் செய்து தருபவர்கள் இங்கே இருக்கிறார்கள். மலைத்தேனீ என்றால் கிட்டேயே போகாதீர்கள், அதன் சுபாவம் வேறு.

தேனீ அழிந்தால் நான்கே ஆண்டில் மனிதனும் அழிவான் என்று ஐன்ஸ்டைன் சொன்னதாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அவர் சொன்னதற்குச் சான்றில்லை. நெல்லுக்கும் கோதுமைக்கும் தேனீ தேவையுமில்லை. உலகின் முக்கிய உணவுப் பயிர்களில் சுமார் 75 விழுக்காடு மகரந்தம் சுமக்கும் உயிர்களை ஓரளவாவது நம்பியிருக்கின்றன. ஆனால் மொத்த விளைச்சலில் அந்தப் பயிர்களின் பங்கு சுமார் 35 விழுக்காடுதான். சோறு கிடைக்கும்; பாதாமும் ஆப்பிளும் பூசணியும் அருகி விலையேறும். உணவில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி செய்யும் ஊரில் அது தேக்கா சந்தையிலேயே தெரிந்துவிடும்.

பெட்டி வாங்கித் தேனீ வளர்த்தால் சரியாகிவிடும் என்பவர்களும் உண்டு. உலகில் பெட்டித் தேனீக் கூட்டங்கள் 1961ஐவிட இன்று அதிகம். அவற்றை உயிரோடு காப்பதுதான் பெரும்பாடு. நம் ஆசியத் தேனீயோடு ஒத்துவாழ்ந்த வரோவா உண்ணி மேற்கத்தியத் தேனீக்குத் தாவிக் கூட்டங்களை அழித்தது; 2022இல் ஆஸ்திரேலியாவிலும் அது தென்பட்டது. காட்டுத் தேனீக்களைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. சிங்கப்பூரில் 130க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் உள்ளன. கத்தரிப்பூவை அதிரவைத்து மகரந்தம் உதிர்ப்பது தேன் தரும் தேனீயால் ஆகாது. அது மரம் துளைக்கும் கருவண்டின் வேலை; பேர் வண்டானாலும் அதுவும் ஒரு காட்டுத் தேனீதான். அதற்குப் பட்ட மரம் வேண்டும். எங்கள் தோட்ட மூலையில் தண்ணீர் தேங்காத மரக்கட்டை ஒன்றை அதற்கென்றே போட்டிருக்கிறோம். துப்புரவு செய்யும் தம்பி வாராவாரம் கேட்கிறார், எப்போது எடுப்பது என்று.