ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் கற்பித்தல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயலைச் சிறு படிகளாகப் பிரித்து, சரியாகச் செய்ததற்குப் பரிசு கொடுத்துப் பழக்கும் நடத்தைசார் முறைகளில் கற்பிக்கப் புதிதாக வருபவர்களை அருகிலிருந்து கவனிக்கும்போது, நாங்கள் தொடங்கிய காலத்தில் செய்த அதே பிழைகளை அவர்களும் செய்வதைக் காண்கிறேன். அடிக்கக் கூடாது, பிற குழந்தைகளோடு ஒப்பிடக் கூடாது என்பவற்றை யாருக்கும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. அக்கறையோடு செய்யப்படுவதாலேயே கண்ணில் படாமல் போகும் தவறுகளைப் பற்றி மட்டும் இங்கு எழுதுகிறேன்.

பரிசைப் பெரியவர்களே முடிவு செய்வது

நாம் பரிசு என்று நினைத்துக் கொடுப்பது வலுவூட்டியாக ஆகிவிடாது. அதைக் கொடுத்த பிறகு அந்தச் செயல் அதிகரித்தால்தான் அது வலுவூட்டி. பலத்த கைதட்டல் சில குழந்தைகளுக்குத் தாங்க முடியாத இரைச்சல். சில பொருள்களை முன்னால் வைத்து, குழந்தை எதை முதலில் எடுக்கிறது என்று பாருங்கள். விருப்பம் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் அடிக்கடி பாருங்கள். "பந்து" என்று சொன்ன குழந்தைக்குப் பந்துதான் கிடைக்க வேண்டும், மிட்டாய் அல்ல.

உதவியை விலக்கிக்கொள்ளாமல் இருப்பது

இழப்பு மிகுந்த தவறு இதுதான். கை கழுவக் கற்ற ஒரு சிறுவன் குழாயின் முன் நின்று, ஆசிரியையைப் பக்கவாட்டில் பார்ப்பான். "திற" என்றால் திறப்பான். "சோப்பு" என்றால் எடுப்பான். "தேய்" என்றால் தேய்ப்பான். பதிவேட்டில் அத்தனை படிகளும் தேர்ச்சி என்று குறிக்கப்பட்டிருந்தன. ஒரு நாள் ஆசிரியையை வாசல் பக்கம் யாரோ அழைத்தார்கள். அவர் திரும்பி வரும்வரை, தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, நுரை படிந்த கைகளை நீட்டியபடி அவன் அசையாமல் நின்றான். அவனுக்கு எல்லாப் படிகளும் தெரியும். ஆனால் ஆசிரியையின் குரலும் அவற்றுள் ஒன்றாகிவிட்டிருந்தது.

இத்தவறு எனக்கு இன்றும் எரிச்சலூட்டுவதற்குக் காரணம் உண்டு. பயிற்சி அறையில் குழந்தை தேறிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். வீட்டில் அது செய்யாதபோது, அம்மா செல்லம் கொடுக்கிறார் என்று பழியை அவர் மீது போடுகிறார்கள்.

உதவியோடு செய்தாலும் தானாகச் செய்தாலும் ஒரே பரிசு கிடைக்குமானால், தானாகச் செய்ய வேண்டிய தேவை குழந்தைக்கு எங்கிருந்து வரும்? தானாகச் செய்த படிக்கு உடனடியாக, தாராளமாகக் கொடுங்கள். உதவியோடு செய்ததற்கு ஒரு தலையசைப்பு போதும். வாய்ச்சொல் உதவியை விலக்குவது மிகக் கடினம் என்பதால், பின்னால் நின்று, குழந்தைக்கு உடன்பாடு இருந்தால், மணிக்கட்டை மெதுவாக வழிநடத்தி, பிறகு முழங்கை, பிறகு தோள் என்று கையை விலக்கிக்கொண்டே வர வேண்டும். உதவியைச் சிறிது சிறிதாகத் தாமதப்படுத்தி, குழந்தையே முந்திக்கொண்டு செய்ய வழிவிடும் முறையை ஆய்வாளர் டூஷெட் 1971-இல் விளக்கினார். அதற்குச் சில நொடிகள் பேசாமல் இருக்கத் தெரிய வேண்டும். பெரும்பாலானோரால் அது முடிவதில்லை. குழந்தை யோசித்துக்கொண்டிருக்கும்போதே கட்டளையைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அதன் யோசனையைக் கலைத்துவிடுகிறார்கள்.

நாம் அறியாமல் கொடுக்கும் உதவியும் உண்டு: சரியான அட்டையை நோக்கிப் போகும் பார்வை, அந்த அட்டையை எப்போதும் குழந்தையின் கைக்கு அருகில் வைப்பது. ஒருமுறை உங்கள் பாடத்தைக் காணொளியாகப் பதிவு செய்து பாருங்கள்.

கண்ணைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்துவது

வேண்டாம். கண்ணைப் பாராமலும் குழந்தை கேட்கும்.

அடம் என்று முடிவு கட்டுவது

ஒரே மாதிரியான அலறலுக்கு வெவ்வேறு காரணங்கள் இருக்கலாம்: பாடம் கடினமாக இருப்பது, யாரும் கவனிக்காதது, வேண்டிய பொருள் கிடைக்காதது, ஒலியோ ஒளியோ உறுத்துவது. கடினமான பாடத்தின்போது ரகளை செய்த குழந்தைகளுக்கு "புரியவில்லை" என்று உதவி கேட்கக் கற்றுக்கொடுத்தபோது ரகளை குறைந்ததை, எட்வர்ட் காரும் மார்க் டுராண்டும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள். பாடத்திலிருந்து தப்பிக்க அலறும் குழந்தையைத் தண்டனையாக மூலையில் உட்கார வைத்தால், அது கேட்டதையே கொடுத்தவர்களாகிறோம். அடுத்த நாளும் அலறல் வரும். ஒரு வாரமாவது, அலறலுக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்று எழுதி வைத்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

கையசைப்பை அடக்குவது

கைகளைத் திரும்பத் திரும்பப் படபடவென அசைப்பது போன்ற, காயம் ஏற்படுத்தாத எதையும் அடக்க வேண்டியதில்லை.

மணிக்கணக்கை மட்டும் பார்ப்பது

உளவியலாளர் லோவாஸின் 1987 ஆய்வில் வந்த, வாரம் 40 மணி நேரப் பயிற்சி என்ற அளவை வேதவாக்காகப் பிடித்துக்கொள்பவர்கள், அதே ஆய்வில் உரத்த "நோ"வும் தொடையில் அடியும் இடம்பெற்றிருந்ததைச் சொல்வதில்லை. அந்த எண்ணைக் கண்டு பெற்றோர் அஞ்ச வேண்டாம். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாலோ, தலையை மேசையில் சாய்த்துக்கொண்டாலோ, அதற்கு நன்றாகத் தெரிந்த எளிய செயல் ஒன்றைக் கேட்டு, அதற்குரிய பரிசைக் கொடுத்து, அன்றைய பாடத்தை அத்துடன் முடித்துவிடுங்கள்.